மூன்றாவது மாடியிலிருந்து மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவது எப்படி?

மின்சார வண்டிக்கு மாறுவது பற்றி ஏகப்பட்ட வழிகாட்டிகள் வந்துவிட்டன. எல்லாம் வண்டியைப் பற்றியே பேசுகின்றன. மோட்டார் எத்தனை கிலோவாட், பேட்டரி எத்தனை யூனிட் பிடிக்கும், நின்ற இடத்திலிருந்து நாற்பதைத் தொட எத்தனை விநாடி. இவையெல்லாம் தனி வீட்டுக்காரர்களுக்கு. வாசலில் கேட், உள்ளே போர்ட்டிகோ, போர்ட்டிகோ சுவரில் ஒரு பவர் பிளக் என்று வாழ்கிற புண்ணியவான்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்காமல் நேரே ஷோரூமுக்குப் போகலாம். இந்தக் கையேடு மற்றவர்களுக்கு. மடிப்பாக்கம் மாதிரி ஓர் இடத்தில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, கீழே இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு உரிமை பெற்றவர்களுக்கு. நான் அந்தக் கூட்டம். இரண்டரை வருஷமாக ஓட்டுகிறேன். முதல் நாலு மாதம் வண்டி ஓடியதைவிட அதற்காக நான் ஓடியது அதிகம்.

தேவையான பொருட்கள்: ஸ்கூட்டர் ஒன்று. நாலு எம்.எம். வயர், பன்னிரண்டு மீட்டர். எம்.சி.பி. ஒன்று. பூட்டுப் போடக்கூடிய பிளக் பெட்டி ஒன்று. சொன்ன நாளில் வருகிற எலக்ட்ரீஷியன் ஒருவர்; கிடைக்காவிட்டால் சொல்லாத நாளில் வருகிற ஒருவர். அசோசியேஷன் லெட்டர்பேடில் ஒரு தாள். பொறுமை, தேவையான அளவு.

முதலில் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

சுற்றுச்சூழலுக்காக மாறுகிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஒரு தாளும் பேனாவும் வேண்டும்.

என் கணக்கு இது. ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். போக வர முப்பது கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 750. பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தது. (வாங்கிய புதிதில் 55 என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பதினோரு வயது வண்டி மீது அப்படிப் பழி போடக் கூடாது.) மாதம் பதினாறு, பதினேழு லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் சொச்சம், சுமார் ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். மின்சார வண்டி, சார்ஜர் சூடாகி வீணாக்குவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 35 வாட்-மணி இழுக்கும். மாதம் 26 யூனிட். யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் இருநூற்றிருபது ரூபாய்தான். மிச்சம் ஆயிரத்து நானூறு.

"ஏங்க, அந்த ஆயிரத்து நானூறு எங்க வந்து சேரும்? டியூவுலயா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதே ரகப் பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதலாகக் கொடுத்த விலை இந்த மிச்சத்தில் தேற இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவும் தினமும் ஓட்டினால். வாரம் ஒருமுறை கோயிலுக்கும் காய்கறிக்கும் போகிறவர் வாங்கினால், நிற்கிற வண்டிக்கு வட்டி கட்டுகிறார் என்று அர்த்தம். அவர் பழைய வண்டியிலேயே கோயிலுக்குப் போகட்டும்.

நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பஞ்சாங்கம் மட்டும் போதாது, டெல்லி அறிவிப்பையும் பார்க்க வேண்டும். 2023 ஜூன் முதல் தேதி, பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் கொடுத்துவந்த மானியம் 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த உச்சவரம்பு 15 சதவீதமாகச் சுருங்கியது. நான் வளர்பிறை, சுபமுகூர்த்தம் எல்லாம் பார்த்து அந்த ஜூலையில் வாங்கினேன். 2024 ஏப்ரலில் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அது ஐயாயிரமாகி, மறு வருஷம் அதிலும் பாதியானது. எனவே எப்போது வாங்கினாலும் போன மாதம் வாங்கியவரைப் பார்த்து வயிறெரிய வசதி இருக்கிறது.

ஷோரூமில் நடந்துகொள்ளும் முறை

ரேஞ்ச் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். வரன் தேடும் பயோடேட்டாவில் மாப்பிள்ளையின் சம்பளம் எப்படியோ அப்படி. பொய் என்று சொல்ல முடியாது. அதை வைத்துக் குடும்பம் நடத்தவும் முடியாது. ஐ.டி.சி. ரேஞ்ச் 110 என்றால், அது ஆய்வகத்தில் உருளைமேல் வண்டியை ஓட்டி எடுத்த கணக்கு. அந்த ஓட்டத்தில் பின்னால் மனைவி உட்காரவில்லை. காலடியில் இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி இல்லை. கத்திப்பாரா மேம்பாலம் ஏறவில்லை. மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட மேடவாக்கம் மெயின் ரோட்டை அந்த ஆய்வகத்துக்குள் யாரும் கொண்டுவந்து விரிக்கவில்லை. எனக்கு 80 கிடைக்கிறது.

எண்பதே அதிகம். சென்னைக்குள் ஒரே நாளில் ஸ்கூட்டரில் எண்பது கிலோமீட்டர் போகிறவருக்குப் பேட்டரிக்கு அல்ல, முதுகெலும்புக்குத்தான் வாரன்டி தேவை. ஆனாலும் ஷோரூமில் எல்லோரும் கேட்பது ரேஞ்சைத்தான். "திருவண்ணாமலை போயிட்டு வர முடியுமா?" என்று என் பக்கத்தில் நின்றவர் கேட்டார். பழைய வண்டியில் அவர் திருவண்ணாமலை போனதுண்டா என்று விற்பனைப் பையன் கேட்கவில்லை. நல்ல பையன்.

எடுத்த எடுப்பில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போது கவனம். பெட்ரோல் வண்டி உறுமி எச்சரிக்கும். இது சத்தமே போடாமல் எலுமிச்சம்பழத்தையும் தாண்டி, தேங்காய்த் தட்டோடு நின்ற என் மச்சினனையும் நோக்கிப் போனது.

அசோசியேஷன்

இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும். இந்த அத்தியாயத்தில் தேறாதவர்கள் மற்ற எதில் தேறியும் பயனில்லை.

என் வண்டி ஓசூரில் பிறந்தது. நாட்டில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும்தான் உருவாகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாம்பழம் தவிர இப்போது அதுவும் பெருமை. மாநில அரசு 2019-ல் மின்வாகனக் கொள்கை என்று ஒன்று போட்டு, 2023-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. ஓசூரிலிருந்து மடிப்பாக்கத்துக்கு முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். அதை என் வண்டி லாரியில் ஒரே ராத்திரியில் கடந்தது. எங்கள் மாடிப்படியடியில் இருக்கும் என் மீட்டர் பெட்டியிலிருந்து என் பார்க்கிங் தூண்வரை பன்னிரண்டு மீட்டர். அதைக் கரண்ட் கடக்க நாலு மாதம் ஆனது.

விண்ணப்பத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நான் போட்டேன். முதல் பதில் கைகூப்பும் படம். இரண்டாவது, எங்கோ வெளிநாட்டில் ஒரு கார் எரியும் வீடியோ. மூன்றாவது, "சம்ப் மோட்டார் ஏன் காலையிலிருந்து ஓடவில்லை?" அதற்கப்புறம் மூன்று நாள் சம்ப் மோட்டார் பற்றித்தான் பேசினோம்.

செகரட்டரி ஸாரை நேரில் பார்க்கப் போனேன். காபி கொடுத்தார். "இன்னிக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க ஸார்" என்றார். எல்லோரும் கேட்க வேண்டும் என்பதுதானே அரசாங்கக் கொள்கையே என்று நாக்கு நுனிவரை வந்தது. காபி சூடாக இருந்ததால் விழுங்கிவிட்டேன். நீங்களும் விழுங்குங்கள். "காமன் கரண்டைத் தொட மாட்டேன் ஸார், என் மீட்டர், என் வயர், என் செலவு" என்ற வாக்கியத்தை மட்டும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருங்கள்.

டிரெஷரர் வேறு ரகம். அவருக்குப் பயம் லோடு. "பில்டிங் லோடு தாங்குமா?" என்றார். என் சார்ஜர் இழுப்பது 750 வாட். ஒரு மிக்ஸி. அவர் வீட்டில் தினமும் காலை ஏழு மணிக்குக் கட்டடமே அதிரச் சட்னி அரைக்கிறதே, அதே மிக்ஸி. "உங்க வீட்டு மிக்ஸி ராத்திரி நாலு மணி நேரம் ஓடுற மாதிரி நெனச்சுக்குங்க" என்றேன். தப்பான உவமை. அதன்பிறகு அவருக்கு என் வண்டி ராத்திரி முழுக்கச் சத்தம் போடும் என்ற எண்ணம் விழுந்து, அதைத் துடைக்க மூன்று வாரம் பிடித்தது.

அந்த நாலு மாதமும் எப்படி ஓட்டினேன்? இந்த இடத்தில் பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே தொங்கவிட்டேன். இரண்டாவது மாடி மாமியின் துணிக்கொடியைத் தொட்டுக்கொண்டு அது போனது. யாரும் இதைச் செய்யாதீர்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்துபோனார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு சில ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் பேட்டரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை இறுக்கினார்கள். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அவை அமலுக்கு வந்தன. அதன்பின் வந்த வண்டிகள் எவ்வளவோ மேல். ஆனால் விதிகள் பேட்டரியோடு நின்றுவிடும். மெல்லிய வயர், எர்த் இல்லாத பிளக், மாடிப்படி வழியை அடைத்து நிற்கிற வண்டி, இவற்றுக்கு நாம்தான் பொறுப்பு. எனக்கு அந்தப் பால்கனி வயர் ஒருநாள் கையில் சுட்டது. அன்றோடு அதைச் சுருட்டி வைத்துவிட்டு, ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணன் அறையில் கெஞ்சி சார்ஜ் போட்டேன். அவருக்கு மாதம் இருநூறு ரூபாயும் தினம் ஒரு டீயும். மிச்சத்தில் ஒரு பங்கு அதிலேயே கரைந்துவிட்டது.

நவம்பரில் அனுமதி வந்தது. லெட்டர்பேடில் ஐந்து நிபந்தனைகள். மூன்றாவது: "வேறு யாருடைய வண்டிக்கும் சார்ஜ் போட அனுமதிக்கக் கூடாது." ஐந்தாவது: "பிளக் பெட்டியின் மேல் கோலமாவு, பழைய செய்தித்தாள் போன்றவற்றை வைக்கக் கூடாது." இந்த ஐந்தாவது யார் மூளையில் உதித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் பெட்டி மாட்டிய மறுநாளே அதன் மேல் ஒரு கோலமாவு டப்பா இருந்தது.

இ.பி. பில்

தமிழ்நாட்டில் மின்சார வண்டி ஓட்டுகிறவன் இரண்டு மீட்டர்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வண்டியில் இருப்பது வேகம் காட்டும். மாடிப்படியடியில் இருப்பது குடும்ப நிம்மதியைக் காட்டும்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது இங்கே லட்சுமணன் கோடு. அதற்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு பாதி விலை. 501-வது யூனிட் ஓடிய மாத்திரத்தில் அந்தப் பாதி விலைச் சலுகை பறந்துவிடும். அந்த ஒற்றை யூனிட்டின் அடக்கவிலை இருநூறு ரூபாயைத் தாண்டும். என் வண்டி இரண்டு மாதத்தில் தின்பது 52 யூனிட். எங்கள் வீட்டில் சாதாரணமாக 450 ஓடும். கூட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டை மிதிக்க வைப்பதற்கென்றே அளந்து செய்த வண்டி போலிருக்கிறது.

செய்ய வேண்டியது: ரீடிங் எடுக்கிற தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்து தினமும் இரவு மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். கடைசி மூன்று நாள் கிரைண்டர், கீசர், ஸ்கூட்டர் மூன்றும் உண்ணாவிரதம் இருக்கட்டும். மே மாதத்தில் இந்த அறிவுரை செல்லாது. ஏ.சி. ஓடுகிற வீட்டில் கோடு சித்திரையிலேயே அழிந்துவிடும்.

"கரண்ட் மட்டும் எங்கேர்ந்து வருதாம்?"

எல்லாக் கட்டடத்திலும் ஒரு மாமா இருப்பார். எங்களுக்கு இரண்டாவது மாடி மாமா. வண்டி வந்த முதல் வாரமே படியில் நிறுத்தினார். "பெட்ரோல் போனா என்ன, கரண்ட் நிலக்கரியிலதானே வருது? புகை இங்க இல்லேன்னா அங்க." சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்பினார்.

மற்ற அறிவுரைகளில் விளையாடினேன். இங்கே விளையாட முடியாது, ஏனென்றால் மாமா சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு சராசரியாக முக்கால் கிலோவைத் தொடும் கார்பன் டை ஆக்சைடு. என் வருஷ ஓட்டம் 9,000 கிலோமீட்டருக்கு 315 யூனிட். அதாவது சுமார் 230 கிலோ. பழைய வண்டி அதே தூரத்துக்கு 200 லிட்டர் பெட்ரோல் குடித்திருக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 460 கிலோ. பாதிக்குப் பாதி. பேட்டரி செய்யும்போதே ஒரு கடன் ஏறிவிடுகிறது: ஒரு கிலோவாட்-மணிக்கு அறுபது முதல் நூறு கிலோ என்று வைத்தால், என் மூன்று கிலோவாட்-மணி பேட்டரிக்கு இருநூறு, முந்நூறு கிலோ. அந்தக் கடன் அடைபட ஒரு வருஷம் ஓட்ட வேண்டும். இதை மாமாவிடம் சொன்னேன். "அப்போ பாதிதானே?" என்றார். பாதிதான். பூஜ்ஜியம் என்று விளம்பரம் சொல்லும். நம்பர் பிளேட்டும் பச்சையாக இருக்கும்.

மாமா சொல்லாமல் விட்ட இன்னொன்று இருக்கிறது. புகை இங்கிருந்து எங்கே போனது? சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையங்கள், கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பல், அதில் வலை போடுகிற எண்ணூர் மீனவர்கள். தெற்கே நெய்வேலி, பழுப்பு நிலக்கரி. அண்ணா சாலை சிக்னலில் என் வண்டியால் யாருக்கும் இருமல் வராது. அந்த இருமலில் ஒரு பங்கை நான் எண்ணூருக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பச்சை நம்பர் பிளேட்டைத் துடைக்கும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். பெட்ரோல் வண்டி ஓட்டியபோது எதுவும் உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு, காகிதத்தில். கமுதியில் 2016-ல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் பகலெல்லாம் கரண்ட் கொட்டுகிறது. அந்த நேரத்தில் என் வண்டி நுங்கம்பாக்கத்தில் பிளக் இல்லாத பார்க்கிங்கில் வெயில் காய்கிறது. நான் வீடு வந்து சார்ஜ் போடும்போது கமுதி தூங்கிவிடும், அத்திப்பட்டு விழித்திருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை பரவாயில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அம்மியை நகர்த்துகிற காற்று ராத்திரியும் அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றும். ஆடி மாதம் நல்ல காரியம் எதுவும் செய்யக் கூடாது என்பார்கள். ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட அதைவிட நல்ல மாதம் இல்லை.

மாமா அடுத்து காங்கோவுக்குப் போனார். கோபால்ட் சுரங்கத்தில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிற வீடியோ ஒன்றை போனில் காட்டினார். உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்துதான் வருகிறது, கொடுமையும் உண்மை. எல்.எஃப்.பி. ரக பேட்டரியில் கோபால்ட் கிடையாது. என் வண்டியில் இருக்கும் என்.எம்.சி. ரகத்தில் கொஞ்சம் உண்டு. அந்த வீடியோவை எனக்குக் காட்டிய போனின் பேட்டரியில் விகிதத்தில் அதைவிட அதிகம். இதையும் சொன்னேன். மாமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிக்னலில்

"ஸார், ஒரு சார்ஜுக்கு எவ்ளோ ஓடும்?" தினமும் கேட்பார்கள். சைதாப்பேட்டையில் ஆட்டோக்காரர், நந்தனத்தில் டெலிவரி பையன், தேனாம்பேட்டையில் தொப்பையோடு புல்லட்டில் ஒருவர். சிக்னல் விழும் நேரம் பார்த்துப் பதிலின் நீளத்தை முடிவு செய்யுங்கள். பத்து விநாடி என்றால் "எண்பது". முப்பது விநாடி என்றால் "கம்பெனி 110 சொல்றான், 80 வருது". அறுபது விநாடி என்றால் "தீப்பிடிக்குமாமே?" என்பதற்கும் பதில் தயாராக வேண்டும். டெலிவரி பையனுக்கு மட்டும் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். நாளைக்கு நூறு, நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டுகிற அவனுக்குத்தான் இந்த வண்டி நிஜமாகவே லாபம். அவன் குடியிருக்கும் ஒற்றை அறையில் மீட்டரும் அவனுடையதல்ல, பார்க்கிங்கும் கிடையாது.

சத்தமின்மை பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை தெருவில் கோலம் போடுகிற பாட்டிகளின் பின்னால் போகும்போது இருமிக்கொண்டே போங்கள்.

மழை

ஐ.பி. 67 என்று பேட்டரியின் மேல் எழுதியிருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மடிப்பாக்கத்துத் தண்ணீருக்கு இது தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் அது அரை மணி நேரம் நிற்கவில்லை, மூன்று நாள் நின்றது. நான் முதல் நாள் மாலையே வண்டியைப் பக்கத்துத் தெருவில் மேடான ஒரு வீட்டுத் திண்ணையில் ஏற்றிவிட்டேன். தண்ணீர் வடிந்தும் கரண்ட் வரவில்லை. சார்ஜ் 22 சதவீதம். பால் வாங்கப் போனால் 21. என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய பெட்ரோல் வண்டிக்காரர்கள் சைலன்சரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்திருந்தால் இரண்டு கார்களுக்கு நடுவே, அவித்த இட்லித் துணி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், என் ஸ்கூட்டர் தெரிந்திருக்கும். அது மேம்பாலத்திலும் ஒரு சார்ஜ் பாயின்ட் தேடிக்கொண்டிருந்தது.

பழைய வண்டியை என்ன செய்வது?

கையேடுகள் இதைத் தொடுவதில்லை. நான் பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கீழ்க்கட்டளையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் இரண்டே நாளில் வேறொருவருக்கு விற்றார். போன மாதம் பல்லாவரம் சந்தை அருகே அதைப் பார்த்தேன். பின் சீட்டில் மூன்று கூடைக் கோழிக்குஞ்சு. நன்றாகப் புகைவிட்டுக்கொண்டு போனது. என் 460 கிலோவை நான் குறைத்தேனா, இல்லை கைமாற்றி விட்டேனா என்று யோசித்துக்கொண்டே சிக்னலில் நின்றேன். அந்த மனிதர் அதற்குமுன் சைக்கிளில் போனாரா, அதைவிடப் பழைய வண்டியில் போனாரா என்பதைப் பொறுத்திருக்கிறது விடை. ஓடிப்போய்க் கேட்கலாம் என்று தோன்றியது. பச்சை விழுந்துவிட்டது.

எங்கள் அசோசியேஷனில் முதல் மாடிக்காரர் ஒருவர் இதைவிட நேர்த்தியான வழி கண்டார். ஏற்கெனவே இருந்த இரண்டு பெட்ரோல் கார்களில் எதையும் விற்காமல் மூன்றாவதாக ஒரு பெரிய மின்சாரக் கார் வாங்கினார். அதன் பேட்டரி அறுபது கிலோவாட்-மணி. என் வண்டி மாதிரி இருபது வண்டிக்கு ஆகும். பெட்ரோல் கார் வெளியூருக்கு, மின்சாரக் கார் உள்ளூருக்கு, மற்றொன்று மனைவிக்கு. அவருக்கு அனுமதி ஒரே வாரத்தில் கிடைத்தது. அதற்குள் அவரே செகரட்டரி ஆகிவிட்டார். மாறுவது என்ற சொல்லுக்கும் சேர்ப்பது என்ற சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. பிளக் பெட்டி நிபந்தனை ஐந்தும் இப்போது அவர் கையில்.

கடைசியாக, அவசர காலத்தில்

போன முறை ரீடிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது மீட்டர் 498-ல் நின்றது. வண்டியில் 9 சதவீதம். "ரெண்டு நாள் தானேங்க, பஸ்ல போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. பிளக் பெட்டியின் சாவி அவள் கையில் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றேன். வந்தது ஒரு புது மின்சார பஸ். 2025 நடுவிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் விடுகிறதே, அந்தத் தாழ்தளம். கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி எண்ணிப் பார்த்தேன், நின்றவர்களோடு அறுபத்தெட்டு பேர். எனக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா, ஐ.டி. கார்டு தொங்குகிற ஒரு பெண், தூங்கிக்கொண்டே நிற்கிற ஒரு கல்லூரிப் பையன். வண்டி சத்தமே இல்லாமல் பாலம் ஏறி இறங்கியது.

நுங்கம்பாக்கம் வரை அந்த டிரைவரிடம் ஒருவர்கூட ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்கவில்லை. பூக்கூடை அம்மா மட்டும் என்னிடம் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.